ஆயாம்மா பேர்லயும் சர்டிபிகேட் இருந்துச்சு: ஒரு மாலை நேர மையத்துக்கு குழந்தைப் பாதுகாப்பு பயிற்சி தேடின அனுபவம்

எழுதறதுக்கு முன்னாடி

தென் மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல, மாலை நேர மையம் ஒண்ணோட வேன்ல வர்ற ஒரு குழந்தைக்கு நடந்தது இது. நான் அந்த மையத்த நடத்தற டிரஸ்ட்ல ஒருங்கிணைப்பு வேலை பாக்கறேன். ஊர், குழந்தையோட வயசு, வகுப்பு, வேன் போற வழி எல்லாத்தையும் மாத்தியோ விட்டுட்டோ எழுதியிருக்கேன். பாலியல் குற்றங்கள்ல இருந்து குழந்தைங்கள பாதுகாக்கற போக்சோ சட்டத்தோட 23-ஆவது பிரிவுப்படி குழந்தையோட அடையாளம் வெளிய வரக்கூடாது, சட்டம் சொல்லலன்னாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். குழந்தைக்கு என்ன நடந்துச்சுங்கற விவரத்துக்குள்ளயும் போகல, ஏன்னா இங்க பேச வேண்டியது பெரியவங்க எங்க 14 பேர பத்தி. எல்லாரும் பயிற்சி முடிச்சு சர்டிபிகேட் வாங்கினதுக்கு அப்புறமும் 11 நாள் ஏன் ஒருத்தரும் வாய் தொறக்கல, அதுக்கப்புறம் எப்படிப்பட்ட பயிற்சிய தேடினோம், எத வேண்டாம்னு விட்டோம், ஏன் விட்டோம்ங்கறதுதான் விஷயம். டியூஷன், விளையாட்டு கோச்சிங், ஹாஸ்டல், பாட்டு கிளாஸ்னு பிள்ளைங்களோட வேலை பாக்கற யாராவது இப்போ பயிற்சி தேடிக்கிட்டு இருந்தா அவங்களுக்காக எழுதறேன்.

பின்னணி

மையம் சாயங்காலம் 4.30-ல இருந்து 8 மணி வரைக்கும் நடக்குது. 3-ஆம் வகுப்புல இருந்து 10-ஆம் வகுப்பு வரைக்கும் சுமார் 110 பிள்ளைங்க, பெரும்பாலும் அரசுப் பள்ளில படிக்கறவங்க, அப்பா அம்மா ரெண்டு பேரும் மில்லு, கட்டட வேலை, பூ கட்டறதுன்னு போயிட்டு இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வருவாங்க. வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கறோம், சுண்டலோ கிச்சடியோ ஒரு வேளை குடுக்கறோம், வாரத்துல 3 நாள் கபடி.

வேலை பாக்கறவங்கன்னா பாடம் எடுக்கறவங்க 6 பேர், அதுல 4 பேர் இன்னும் காலேஜ் படிக்கறாங்க. கபடி கோச் 2 பேர், சமையல் அக்கா, வேன் டிரைவர், வேன்ல கூட வர்ற ஆயாம்மா, வாட்ச்மேன் தாத்தா, கணக்கு பாக்கற சார், அப்புறம் நான்.

2020-ல வந்த போக்சோ விதிகள்ல இந்த விஷயம் தெளிவாவே இருக்கு. குழந்தைங்க தங்கற இடமோ அடிக்கடி வந்து போற இடமோ எதுவா இருந்தாலும், பள்ளிக்கூடம், காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாமே அதுல வரும், அங்க வேலை பாக்கறவங்க நிரந்தரமோ ஒப்பந்தமோ அத்தனை பேருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடக்கணும், குழந்தைப் பாதுகாப்பு பத்தி அப்பப்போ பயிற்சியும் குடுக்கணும். நாங்க அத பெரிய ஸ்கூலுங்களுக்கு உள்ளதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். எங்கள பயிற்சி பக்கம் தள்ளினது சட்டம் இல்ல, நிதி குடுக்கறவங்க அனுப்பின ஒரு மெயில்.

ஜூன்: முதல் பயிற்சி

மாசக் கடைசிக்குள்ள எல்லா ஊழியர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச சர்டிபிகேட் வேணும்னு மெயில் வந்துச்சு, கையில 12 நாள் இருந்துச்சு. நாங்க பாத்தது மூணே மூணுதான்: விலை எவ்வளவு, எத்தனை நாள்ல முடியும், சர்டிபிகேட் வருமா. ஆளுக்கு 400 ரூபாய்க்கு ஆன்லைன்ல 2 மணி நேர கோர்ஸ் கிடைச்சுது, முழுக்க இங்கிலீஷ், கடைசியில 20 கேள்வி. நாலு நாள்ல 14 பேரும் பாஸ். சர்டிபிகேட்ட லேமினேஷன் பண்ணி ஆபீஸ் சுவத்துல வரிசையா மாட்டி போட்டோ எடுத்து அனுப்பினோம், நன்றின்னு பதில் வந்துச்சு.

எப்படி பாஸ் ஆனாங்கங்கறத இங்க சொல்லியே ஆகணும். டீச்சருங்க அவங்கவங்க போன்ல உக்காந்து பாத்தாங்க. சமையல் அக்கா, ஆயாம்மா, டிரைவர் அண்ணன், வாட்ச்மேன் தாத்தா நாலு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஒரு டீச்சர் பொண்ணு அவங்க போன வாங்கி அவளே பதில் எல்லாம் அமுக்கிட்டா, அப்படி பண்ணச் சொன்னது நான்தான். அப்போ ஆயாம்மா பக்கத்துல நின்னு "இதுல என்னம்மா போட்டிருக்கு?"ன்னு கேட்டாங்க. "பிள்ளைங்கள பத்திரமா பாத்துக்கணும்னு போட்டிருக்கு ஆயாம்மா"ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. "அதத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்"னுட்டு அவங்க வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க.

ஜூலை: வேன்ல நடந்தது

எங்க டிரைவர் அண்ணனுக்கு குடலிறக்க ஆபரேஷன், மூணு வாரம் வர முடியாது. அவரே தெரிஞ்சவர் ஒருத்தர ஆக்டிங் டிரைவரா சொல்லிவிட்டார். நாங்க லைசென்ஸ் மட்டும் வாங்கிப் பாத்தோம், போலீஸ் சரிபார்ப்புங்கற நினைப்பே எங்க யாருக்கும் வரல, மூணு வாரத்துக்குத்தானேன்னு விட்டுட்டோம்.

இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு, அது ஆறு வருஷமாவே இருந்த ஓட்டை. ஆயாம்மா வீடு கடைசி ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்புல இருக்கு, அதனால அவங்க அங்கயே இறங்கிடுவாங்க. கடைசி ஸ்டாப்புல இறங்கற குழந்தை ஒரு பத்து நிமிஷம் டிரைவரோட தனியா போகும். பழைய டிரைவர் நல்ல மனுஷன், அதனால அது ஒரு பிரச்சனையா எங்க கண்ணுக்கு படவே இல்ல.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ ஆயாம்மா கவனிச்சிருக்காங்க. ஆக்டிங் டிரைவர் தினமும் கடைசி ஸ்டாப்புல இறங்கற பாப்பாவ மட்டும் பேர் சொல்லி முன் சீட்டுக்கு கூப்பிடறார். முதல்ல ரெண்டு நாள் போன பிள்ளை அப்புறம் பின்னாடி ஜன்னலோரமா போய் பேக்க மடியில வச்சு ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்குது. வழக்கமா வேன்ல கதை சொல்லிக்கிட்டே வர்ற பிள்ளை, பேச்சு நின்னு போச்சு. ஒருநாள் ஆயாம்மா இறங்கும்போது சேலை முந்தானைய புடிச்சு "நீங்களும் எங்க வீடு வரைக்கும் வாங்க ஆயாம்மா"ன்னு கேட்டிருக்கு. அவங்க போயிருக்காங்க, ரெண்டு நாள் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் அங்க இருந்து இருட்டுல நடந்தே திரும்பியிருக்காங்க. மூணாவது நாள் முட்டி வலி, முடியல.

11-ஆவது நாள் பாப்பா வேன்ல ஏறவே மாட்டேன்னு கேட் கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. டீச்சர் ஒருத்தி என்னாச்சுன்னு கேக்க, பக்கத்துல இருந்த ஆயாம்மா அப்போதான் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாங்க. ஏன் முன்னாடியே சொல்லலன்னு பின்னாடி ஒருநாள் கேட்டப்போ அவங்க சொன்னத அப்படியே எழுதி வச்சிருக்கேன்:

"என்னன்னு சொல்லுவேன் டீச்சர்? நான் கண்ணால எதையும் பாக்கலையே. அந்தத் தம்பிக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு, தப்பா சொல்லிட்டா அந்தப் பாவம் எனக்குத்தானே வரும். யார்கிட்ட போய் சொல்றதுன்னும் தெரியல."

அன்னிக்கு ராத்திரி

நாங்க பண்ணின தப்புகள ஒழுங்கா எழுதிடறேன். முதல்ல நான் பாப்பாவ ஆபீசுக்குள்ள கூட்டிட்டுப் போய் கேட்டேன். அப்புறம் கணக்கு பாக்கற சார் வந்து அவரும் முதல்ல இருந்து கேட்டார். அப்புறம் டீச்சர். ஒரே விஷயத்த மூணு பெரியவங்க மூணு தடவை கேட்டா, நாம சொன்னத இவங்க நம்பல போலன்னுதான் பிள்ளைக்கு தோணும். மூணாவது தடவை பாப்பா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு.

டிரஸ்டி ஒருத்தர் போன்ல, உடனே போலீசுக்கு போக வேண்டாம், உள்ளுக்குள்ள ஒரு கமிட்டி போட்டு விசாரிச்சு உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் போலாம்னு சொன்னார். அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல. அந்த ஆன்லைன் கோர்ஸ்லயே அப்படித்தான் ஒரு பக்கம் இருந்துச்சு, நான் மறுபடி போய் பாத்தேன். வேலை பாக்கற இடத்துல பெண்களுக்கு வர்ற பாலியல் தொந்தரவுக்கான 2013 சட்டத்துல வர்ற உள் கமிட்டிய கொண்டுவந்து குழந்தைங்க விஷயத்தோட கலந்து வச்சிருந்தாங்க. போக்சோல அப்படி ஒண்ணுமே கிடையாது. 19-ஆவது பிரிவுப்படி குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சாலும் சரி, நடக்கலாம்னு அச்சம் வந்தாலும் சரி, சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் போலீசுக்கோ சொல்லியாகணும், நாம விசாரிச்சு நிரூபிச்சுட்டு வரச் சொல்லி சட்டம் கேக்கல. சொல்லாம விட்டா 21-ஆவது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், நிறுவனத்துக்கு பொறுப்புல இருக்கறவர் தனக்கு கீழ வேலை பாக்கறவர் பண்ணினத சொல்லாம விட்டா 1 வருஷம் வரைக்கும்.

இது தெரியாம ஒரு ராத்திரி போச்சு. ஆக்டிங் டிரைவர வர வேண்டாம்னு சொன்னது மட்டும்தான் அன்னிக்கு உருப்படியா செஞ்சது, அதுவும் காரணத்தோட சொல்லிட்டோம், அது இன்னொரு தப்பு, போலீஸ் வர்றதுக்குள்ள அவருக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு.

காலையில குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணேன். எடுத்தவங்க முதல்ல சொன்னதே "இனிமே பிள்ளைகிட்ட யாரும் எதுவும் கேக்காதீங்க"ன்னுதான். பாப்பாவோட அம்மாவோட அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு போனோம், அன்னிக்கே எஃப்ஐஆர் போட்டாங்க. பெண் எஸ்ஐ ஒருத்தர் யூனிபார்ம் இல்லாம சுடிதார்ல பாப்பா வீட்டுக்கே போய் வாக்குமூலம் வாங்கினார், சட்டமே அப்படித்தான் சொல்லுது. குழந்தைகள் நலக் குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள்ள தகவல் போச்சு, கவுன்சிலிங் ஏற்பாடாச்சு. வழக்கு நடந்துக்கிட்டு இருக்கு, அத பத்தி இதுக்கு மேல எழுதல. பாப்பா ரெண்டு மாசம் கழிச்சு மையத்துக்கு திரும்ப வந்துச்சு.

ஸ்டேஷன்ல எழுதிக்கிட்டு இருந்த ஏட்டம்மா, "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது"ன்னு கேட்டாங்க. நேத்து சாயங்காலம்னு சொன்னேன். ஒரு நிமிஷம் நிமிந்து பாத்துட்டு நேரத்த எழுதிக்கிட்டாங்க.

ஆகஸ்ட்: மறுபடியும் தேட ஆரம்பிச்சோம்

நிதி குடுக்கறவங்க அதே ஆன்லைன் கோர்ஸ்ல அடுத்த லெவல் இருக்கு, எல்லாரையும் அத முடிக்கச் சொல்லுங்கன்னாங்க. இந்தத் தடவை உடனே சரின்னு சொல்லல. ஆயாம்மா சொன்ன மூணு வாக்கியத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி டேபிள்ல வச்சோம். கண்ணால பாக்கல. தப்பா சொல்லிட்டா பாவம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. எந்தப் பயிற்சிய பாத்தாலும், இது முடிஞ்சப்புறம் ஆயாம்மா இந்த மூணையும் மறுபடி சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு மட்டும் பாக்கறதுன்னு முடிவு பண்ணோம். சொல்லுவாங்கன்னா அந்தப் பயிற்சி எங்களுக்கு வேண்டாம்.

அப்படி பாத்ததுல நாலு இடத்த விட்டோம்.

முதல்ல ஒரு வக்கீல். 3 மணி நேரம் சட்டம் சொல்லித் தர்றேன்னார், பக்கத்து ஊர்ல அவர் எடுத்த கிளாசுக்கு போய் உக்காந்து பாத்தேன். நல்லா விவரமாத்தான் பேசினார், பிரிவு பிரிவா தண்டனை எத்தனை வருஷம்னு சொன்னார். ஆனா வெளிய வரும்போது அங்க இருந்த டீச்சருங்க பேசிக்கிட்டது "நமக்கு எதுக்குப்பா வம்பு, பிள்ளைங்க பக்கத்துலயே போகாம இருந்தா போச்சு"ன்னு. பயத்த மட்டும் குடுத்து அனுப்பிட்டா பாக்கறவங்க கண்ணத் திருப்பிக்குவாங்க. சட்டத்துல இருக்கற தைரியம் குடுக்கற பகுதி, அதாவது நல்லெண்ணத்தோட தகவல் குடுத்தவர் மேல எந்த நடவடிக்கையும் வராதுன்னு 19-ஆவது பிரிவுலயே இருக்கறத, அவர் சொல்லவே இல்ல. ஆயாம்மாவோட ரெண்டாவது வாக்கியத்துக்கு பதில் அங்கதான் இருந்துச்சு.

ரெண்டாவது, இலவசமா வந்து பிள்ளைங்களுக்கு குட் டச், பேட் டச் சொல்லித் தர்ற ஒரு குழு. பிள்ளைங்களுக்கு அது வேணும்தான், பின்னாடி வேற மாதிரி ஏற்பாடும் பண்ணோம். ஆனா அது பெரியவங்களுக்கான பயிற்சி இல்ல. எங்க பாப்பா தனக்கு தெரிஞ்ச எல்லா விதத்துலயும் சொல்லிப் பாத்துடுச்சு, பின் சீட்டுக்கு போய் சொல்லுச்சு, பேக்க கட்டிப் புடிச்சு சொல்லுச்சு, முந்தானைய புடிச்சு சொல்லுச்சு. கேக்கத் தெரியாதது நாங்க. அத விட்டுட்டு மறுபடியும் பிள்ளைங்களயே உக்கார வச்சு எப்படி தப்பிக்கணும்னு பாடம் எடுக்கறது எனக்கு மனசு ஒப்பல.

மூணாவது, பெரிய சிட்டில இருந்து வர்ற ஒரு நிறுவனம், ரெண்டு நாளைக்கு எங்க பட்ஜெட்டுக்கு ரொம்ப அதிகம், ஆனாலும் பாடத்திட்டத்த வாங்கிப் பாத்தோம். வெளிநாட்டுல தயார் பண்ணினத அப்படியே எடுத்து வச்சிருந்தாங்க, யார கூப்பிடணும்ங்கற பக்கத்துல இருந்த அலுவலகம் எதுவும் நம்ம ஊர்ல இல்லாத அலுவலகம். ஆயாம்மாவோட மூணாவது வாக்கியத்துக்கு அங்க பதிலே இல்ல.

நாலாவதா ஒருத்தர்கிட்ட போன்ல பேசும்போது நான் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு பிள்ளை என்கிட்ட வந்து சொல்லிடுச்சு, நான் அடுத்து என்ன பண்ணணும்?" முதல்ல உண்மையான்னு விசாரிங்கன்னு ஆரம்பிச்சார். நன்றி சொல்லி வச்சுட்டேன். அதுக்கப்புறம் யார்கிட்ட பேசினாலும் இந்தக் கேள்விய முதல்ல கேட்டுட்டுத்தான் விலையே கேட்டேன், ரெண்டு நிமிஷத்துல ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

யார எடுத்தோம், ஏன்

கடைசியில எடுத்தது ரெண்டு பேர் சேந்து நடத்தற பயிற்சி. ஒரு அம்மா குழந்தைகள் நலக் குழுல முன்னாடி உறுப்பினரா இருந்தவங்க, இன்னொருத்தர் மனநல ஆலோசனை குடுக்கற கவுன்சிலர். அவங்களுக்கு வெப்சைட் கூட கிடையாது. போன்ல அந்தக் கேள்விய கேட்டதுக்கு அந்தம்மா "பிள்ளை சொல்றத கேளுங்க, நம்புங்க, துருவாதீங்க, சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க, அன்னிக்கே சொல்லுங்க, மத்தத போலீஸ் பாத்துக்குவாங்க"ன்னு ஒரே மூச்சுல சொன்னாங்க.

அதவிட முக்கியமா, பயிற்சிக்கு தேதி குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் மையத்த பாக்கணும்னாங்க. வந்தாங்க, அடுப்படில நின்னாங்க, பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னு பாத்தாங்க, கபடி முடிஞ்சு பையன்கள் எங்க துணி மாத்தறாங்கன்னு கேட்டாங்க, வேன்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் வந்தாங்க. யார் யார் எந்த நேரத்துல பிள்ளையோட தனியா இருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டாங்க. அந்த லிஸ்ட்ல முதல் இடம் டீச்சருங்களுக்கு இல்ல. டிரைவர், ஆயாம்மா, வாட்ச்மேன், கோச், இந்த வரிசையில இருந்துச்சு. நாங்க அதுவரைக்கும் பயிற்சின்னா டீச்சருக்கு, மத்தவங்களுக்கு பேருக்குன்னு நினைச்சிருந்தோம்.

எல்லாருக்கும் ஒரே பாடம் வேண்டாம்னும் அவங்கதான் சொன்னாங்க. முதல் நாள் 14 பேருக்கும் சேத்து தமிழ்ல, படிக்கத் தெரியாதவங்களும் கலந்துக்கற மாதிரி. ரெண்டாவது நாள் பொறுப்புல இருக்கற 3 பேருக்கு மட்டும், தகவல் குடுக்கறது, எழுதி வைக்கறது, ஆள் எடுக்கும்போது என்ன பாக்கறதுன்னு. ரெண்டு நாளைக்கும் சேத்து 18,000 ரூபாய். சர்டிபிகேட் கிடையாது. நிதி குடுக்கறவங்களுக்கு சர்டிபிகேட்டுக்கு பதிலா பாடத்திட்டமும் வருகைப் பதிவும் அனுப்பறோம்னு எழுதினேன், ஒரு மாசம் இழுத்துட்டு ஒத்துக்கிட்டாங்க.

செப்டம்பர்: பயிற்சி நடந்த விதம்

காலையில சேர் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா போட்டு வேன் மாதிரி ஆக்கினாங்க. கவுன்சிலர் பின் சீட்டு ஜன்னலோரமா பேக்க மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. என்ன தெரியுதுன்னு எல்லாரையும் கேட்டாங்க. டீச்சருங்க பயம், சோகம்னு சொன்னாங்க. அது நீங்க நினைக்கறது, கண்ணுக்கு தெரியறத சொல்லுங்கன்னாங்க. சமையல் அக்காதான் "பேக்க இறுக்கிப் புடிச்சிருக்கு, வெளியவே பாக்குது, கூப்பிட்டா திரும்பல"ன்னு சொன்னாங்க. இத சொன்னா போதும்னாங்க அந்தம்மா. தப்பு நடந்ததப் பாத்தாத்தான் சொல்லணும்னு இல்ல, பிள்ளைகிட்ட மாறினத பாத்தாலே சொல்லலாம், யார் மேலயும் பழி போட வேண்டாம், பாத்தத மட்டும் பொறுப்பானவங்ககிட்ட குடுங்க. ஆயாம்மா அப்போ தலையில துண்ட போட்டுக்கிட்டு கீழயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மா அவங்க பக்கத்துல போய் உக்காந்து, "அந்தப் பிள்ளைக்காக முட்டி வலியோட இருட்டுல நடந்து வந்தது நீங்க ஒருத்தர்தான்"னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. அவங்க மேல தப்பு இல்லன்னு நாங்க ரெண்டு மாசமா சொல்லியும் நிக்காத அழுகை, அன்னிக்குதான் கொஞ்சம் அடங்குச்சு.

பெரிய வாக்குவாதம் வந்தது ரகசியம் பத்தி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பிள்ளைக்கு சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்கன்னு சொன்னாங்க. வாட்ச்மேன் தாத்தா ஒத்துக்கல, சத்தியம் பண்ணாத்தானே பிள்ளை வாய் தொறக்கும்னார். அரை மணி நேரம் ஓடுச்சு. சத்தியம் பண்ணிட்டு அன்னிக்கே அத உடைச்சா, கடைசியா நம்பின பெரியவரும் ஏமாத்திட்டார்னு ஆகிடும்ல தாத்தான்னு கேட்டப்போதான் அவர் யோசிச்சார். அப்புறம் என்ன சொல்றதுன்னு எல்லாரும் சேந்து ஒரு பேச்சு தயார் பண்ணோம்: "நீ சொன்னது நல்லதுடா. உன் மேல தப்பு இல்ல. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் நான் இத சொல்லணும்." ஒவ்வொருத்தரா எழுந்து சத்தமா சொல்லிப் பாத்தோம். எளிதா வரல, எனக்கே ரெண்டு தடவை தொண்டை அடைச்சுது.

கபடி கோச் ஒருத்தர் கோவமா இருந்தார், எங்க எல்லாரையும் சந்தேகப்படறீங்களான்னு கேட்டார். கவுன்சிலர் அவர்கிட்ட ஒரு பேப்பர குடுத்து, உங்க பொண்ணு வேற ஊர்ல கபடி கத்துக்கப் போனா அங்க இருக்கற கோச் எப்படி இருக்கணும்னு எழுதுங்கன்னாங்க. ஏழு வரி எழுதினார். பிள்ளைங்களுக்கு தனியா மெசேஜ் அனுப்பக்கூடாது, எண்ணெய் தேச்சு விடறேன்னு தனியா கூப்பிடக்கூடாது, புடி சொல்லித் தரும்போது எல்லாரும் பாக்கற இடத்துல சொல்லித் தரணும். அதுல அஞ்சு வரி இப்போ எங்க மைதானத்து சுவத்துல இருக்கு, சர்டிபிகேட் எல்லாத்தையும் கழட்டிட்டோம்.

புள்ளிவிவரம்னு அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 2007-ல மத்திய அரசு 13 மாநிலங்கள்ல 12,447 குழந்தைங்ககிட்ட நடத்தின ஆய்வு, அதுல 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதமான பாலியல் கொடுமைய சொன்னாங்க, அதுல பாதிக்கு மேல பையன்கள். பையன்களுக்குமான்னு மூணு பேர் ஒரே நேரத்துல கேட்டாங்க. 18 வயசுக்கு கீழ யாரா இருந்தாலும் போக்சோ பொருந்தும்ங்கறது எங்கள்ல பாதிப்பேருக்கு அன்னிக்குதான் தெரியும்.

அதுக்கப்புறம் 8 மாசம்

பயிற்சியோட சேத்து மூணு விஷயம் மாத்தினோம். கடைசி பிள்ளை இறங்கற வரைக்கும் ஆயாம்மா வேன்ல இருப்பாங்க, அப்புறம் வேன் அவங்கள வீட்டுல விடும், டீசல் செலவு கொஞ்சம் கூடுது, அவ்வளவுதான். போலீஸ் சரிபார்ப்பு முடிஞ்ச ஆக்டிங் டிரைவர் ரெண்டு பேர் பேர முன்கூட்டியே எடுத்து வச்சிருக்கோம், அவங்க இல்லன்னா அன்னிக்கு வேன் ஓடாது. அப்புறம் ஒரு நோட்டு, பூட்டி வைக்கறது, தேதி, நேரம், பாத்தது என்ன, பிள்ளை சொன்ன வார்த்தை என்ன, அவ்வளவுதான் அதுல. எழுத வராதவங்க சொல்லச் சொல்ல நான் எழுதி திருப்பி படிச்சுக் காட்டுவேன்.

ஜூனுக்கு முன்னாடி வரைக்கும் இந்த மாதிரி ஒரு பதிவும் எங்ககிட்ட கிடையாது. இந்த 8 மாசத்துல 9 பதிவு. 10-ஆம் வகுப்பு பொண்ணு ஒருத்திக்கு கல்யாணம் பேசறாங்கன்னு சமையல் அக்காவுக்கு தெரிய வந்துச்சு, பாத்திரம் கழுவும்போது அவளே சொல்லியிருக்கா. 1098-க்கு சொன்னோம், சமூக நல அலுவலகத்துல இருந்து வந்து வீட்டுல பேசி எழுதி வாங்கிட்டுப் போனாங்க, அவ பரீட்சை எழுதிட்டா. பாலியல் விஷயம் மட்டும் சொல்லித் தந்த பயிற்சியா இருந்தா அக்காவுக்கு இதையும் சொல்லணும்னு தோணியிருக்காது. இன்னொண்ணு, 7-ஆம் வகுப்பு பையனுக்கு மொபைல் கடைல ஒரு ஆளு சும்மா ரீசார்ஜ் போட்டுவிட்டு போட்டோ அனுப்பச் சொல்லி கேட்டுக்கிட்டு இருந்தது, வாட்ச்மேன் தாத்தா கண்டுபுடிச்சார், அன்னிக்கே ஸ்டேஷனுக்கு போனோம். இந்தத் தடவை அந்தப் பையன்கிட்ட ஒருத்தர் மட்டும்தான் பேசினார், ஒரு தடவை மட்டும். எங்க டீச்சர் ஒருத்தரே ஸ்கேலால அடிச்சது ஒரு பதிவு, எழுதினது அவரோட கூட வேலை பாக்கற பொண்ணு, அவரும் ஒத்துக்கிட்டார், எழுத்துல எச்சரிக்கை குடுத்தோம். நாலு பதிவு பசி, அப்பா குடிச்சுட்டு அடிக்கறதுன்னு வீட்டுக் கஷ்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமா ரெண்டு குடும்பத்துக்கு உதவி கிடைச்சுது, ரெண்டு பேர்கிட்ட இன்னும் போய் வந்துக்கிட்டு இருக்கோம்.

மீதி ரெண்டும் ஒண்ணுமில்லாம போச்சு. ஒண்ணுல, தெரியாத ஆள் பைக்ல வந்து பிள்ளைய கூட்டிட்டுப் போறார்னு ஆயாம்மா சொன்னாங்க, விசாரிச்சா அது ஊருக்கு வந்திருந்த தாய்மாமா. அவங்க சங்கடப்பட்டாங்க. இது மாதிரி இன்னும் பத்து தப்பா வந்தாலும் சொல்லுங்க ஆயாம்மான்னு சொன்னேன், அத எல்லார் முன்னாடியும் சொன்னேன்.

இப்போ செஞ்சா எத மாத்துவோம்

டிரஸ்டிங்க முதல் நாள் காலையில வந்து விளக்கேத்திட்டு போயிட்டாங்க. அவங்கள முழுநாளும் உக்கார வச்சிருக்கணும். அன்னிக்கு ராத்திரி கமிட்டி போடலாம்னு தோணினது அவங்களுக்குத்தான், முடிவு எடுக்கற ஆள் பயிற்சிக்கு வெளிய இருந்தா கீழ இருக்கறவங்க என்ன கத்துக்கிட்டும் நேரமாகும்போது மேல பாத்துக்கிட்டு நிப்பாங்க.

8 மாசத்துல பாடம் எடுக்கறவங்க 2 பேர் மாறிட்டாங்க, புதுசா வந்தவங்களுக்கு நான் வாயால சொன்னதோட சரி, முறையா எதுவும் இல்ல. இனிமே வேலைல சேர்ற அன்னிக்கு 2 மணி நேரம், அது முடியாம பிள்ளைங்க பக்கம் போகக்கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் அரை நாள். பெத்தவங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வைக்கணும், அத இவ்வளவு நாள் தள்ளிப் போட்டது சரியில்ல, பாப்பாவோட அம்மா ஸ்டேஷன் வாசல்ல என்கிட்ட கேட்ட முதல் கேள்வியே "இத வெளிய சொன்னா என் புள்ள பேரு பேப்பர்ல வருமா டீச்சர்?"தான். வராது, வரக்கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

வர்ற ஜூன்ல அடுத்த பயிற்சி. அதே ரெண்டு பேர்தான் வர்றாங்க, முதல் அரை மணி நேரம் மட்டும் வேன்ல என்ன பாக்கணும்னு புதுசா வந்தவங்களுக்கு ஆயாம்மா சொல்றதா இருக்கு. முதல்ல முடியாதுன்னாங்க, சேரெல்லாம் வேன் மாதிரி போட்டுக் குடுத்தா சொல்லிடுவேன்னு இப்போ சொல்றாங்க.